யார் செய்தது என்று கேட்டவர்

தூத்துக்குடி தந்தி ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். புதுத் துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் ஒன்று வந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒரு மனிதர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, பத்திரிகைத் தந்திக்கான தாளைக் கவுண்ட்டருக்குள் நீட்டினார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றில் ஒன்றுதான் எழுதும் என்பது பிறகு தெரிந்தது.

தாளில் கப்பலின் பெயர் இருந்தது. கேப்டனின் பெயர், புறப்பட்ட நாடு எல்லாம் இருந்தன. கடைசி வரியில், கப்பலிலிருந்து வீசிய கயிற்றைக் கரையில் பிடித்துத் தூணில் மாட்டியவர் இன்னார், திரேஸ்புரத்துக்காரர் என்று எழுதியிருந்தது. இது ஏதோ கைதவறிச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து, "கடைசி வரி வேணுமா சார்?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கப்பல் தானா வந்து கரையில ஒட்டிக்கிடுமா?"

"இல்ல…"

"ஒருத்தன் கயித்தப் பிடிச்சாம்லா. அவனுக்கு ஒரு பேரு இருக்குல்லா. அத அடிங்க தங்கச்சி."

அடித்தேன். மறுநாள் பேப்பரில் கப்பல் இருந்தது, கேப்டன் இருந்தார், கயிறு பிடித்தவர் இல்லை. அன்றும் அதே நேரத்துக்கு வந்தவர் பேப்பரை என் முன்னால் விரித்து, "வெட்டிட்டான்" என்றார். கோபமே இல்லை, இன்றைக்குக் காற்று தெற்கே திரும்பிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு அடுத்த செய்தியை நீட்டினார். அதிலும் கடைசி வரியில் யாரோ ஒருவர் இருந்தார்.

ஊரில் அவரை நிருபர் அண்ணாச்சி என்பார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயற்காட்டுக் குடும்பம். பாகப் பிரிவினையில் அண்ணனோடு மனத்தாங்கலாகி, தூத்துக்குடிக்கு வந்து மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். காலையும் மாலையும் அங்கே பிள்ளைகள் தட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஒரு தமிழ் நாளிதழுக்கு உள்ளூர் நிருபர். அவசரச் செய்தி எங்கள் மூலம் தந்தியாகப் போகும். மற்றது கவரில் போட்டுப் பஸ் கண்டக்டர் கையில் போகும். எதுவாக அச்சானாலும் மேலே ‘நமது நிருபர்’ என்றுதான் இருக்கும்.

எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "யாரு செஞ்சது?"

ஒருமுறை ஆபீசுக்கு எதிரே இருந்த ஓட்டலில் ரசவடை நன்றாக இருந்ததாம். முதலாளியிடம், இன்றைக்கு யார் போட்டது என்று கேட்டிருக்கிறார். ஏதோ புகார் என்று நினைத்து முதலாளி சமையல்காரரை வெளியே அழைக்க, அவர் கையைத் துடைத்தபடி பயந்துபோய் வந்து நின்றிருக்கிறார். அண்ணாச்சி அவருடைய பெயரையும் ஊரையும் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு, வடை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தச் சமையல்காரர் இரண்டு நாள் தூங்கவில்லை என்று எங்கள் பியூன் சொன்னார். பெயரை எழுதிக்கொண்டு போனது சுகாதார இலாகா ஆள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

இந்தக் குணத்தால் நானும் ஒருமுறை பட்டேன். நாசரேத்திலிருந்து வந்த நான், சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். ஆண்டு விழாவுக்கு நான் ஒரு சின்ன நாடகம் எழுதிக் கொடுத்தேன். நோட்டீசில் ‘எழுதியவர்’ என்று வார்டன் அம்மாவின் பெயர் வந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சுவாக்கில் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் பேப்பரில் விழாச் செய்தி வந்தது. நாடகத்தை எழுதியவர் தந்தி ஆபீசில் பணிபுரியும் இன்னார் என்று என் பெயரும் அப்பா பெயரும் நாசரேத்தும் அதில் இருந்தன. வெட்டுகிறவர் அன்றைக்கு லீவு போலிருக்கிறது. அதன்பிறகு மூன்று மாதம் விடுதியில் எனக்கு வெந்நீர் கிடைக்கவில்லை.

அதைச் சொன்னபோது அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் செய்ததற்காக வருத்தப்படவில்லை. "பச்சத் தண்ணி உடம்புக்கு நல்லதுதான் தங்கச்சி" என்றார்.

பத்திரிகையில் வரும் விளம்பரங்களையும் ஒன்று விடாமல் படிப்பார். ஊதுபத்தி, மூக்குப்பொடி, பல்பொடி எதற்கும் அப்போது முதலாளியின் படம் போட்டு, ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்று அறிவிப்பு வரும். அதைக் காட்டி ஒருநாள் சொன்னார்: "பேப்பர்ல மூஞ்சியப் போட்டு அறிவிப்புக் குடுக்கவனுக்குத்தான், இது இன்னாரு சொத்துன்னு ஜனங்க ஒத்துக்கிடுது. குடுக்க முடியாதவன் செஞ்சதெல்லாம் புறம்போக்கு நிலம் மாதிரி. எவன் வேணும்னாலும் வேலி போட்டுக்கிடலாம். இந்தக் கடல்ல முத்துக்குளிச்ச காலத்துலயும் அப்படித்தான். முத்த வித்தவன் பேரு தெரியும், வாங்குனவன் பேரு தெரியும். குளிச்சவன் பேரக் கேட்டுப் பாருங்க."

இதெல்லாம் அவருக்குப் பேச்சாக இருந்தது. அது பேச்சில்லை என்று ஆனது சவரிமுத்துவின் விஷயத்தில்தான்.

சவரிமுத்து பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். விசைப்படகுகளில் வலையை இழுக்க விஞ்ச் இருக்கும். கடலுக்கடியில் பாறைத்திட்டில் வலை மாட்டிக்கொண்டால் விஞ்ச் அதை அறியாது, இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் கம்பி வடம் அறுந்து, பாம்பு போலத் திரும்பிப் படகில் நிற்பவர்களை அடிக்கும். அப்படி ஒரு அடியில் சவரிமுத்துவின் மைத்துனருக்கு ஒரு கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சவரிமுத்து வேறு வேலையைத் தொடவில்லை. கழித்துப்போட்ட லாரியின் கிளட்ச் தட்டுகளை வாங்கி வந்து, கடைந்து, மாட்டி, கழற்றி, எட்டு மாதம் போராடினார். கடைசியில் ஒரு விஞ்ச் செய்தார். வடம் அளவுக்கு மேல் இழுபட்டால் உள்ளே தட்டு வழுக்கிக்கொடுக்கும். சக்கரம் சும்மா சுற்றும். வடம் அறாது.

அண்ணாச்சி மூன்று நாள் அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். படகில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அரைப் பக்கம் வந்தது. எந்தத் தட்டு, எத்தனை ஸ்பிரிங், எந்த இடத்தில் எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எல்லாம் எழுதி, தன் கையால் படமும் வரைந்திருந்தார். படித்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தே செய்துவிடலாம். சவரிமுத்துவின் பெயர் பதினோரு இடத்தில் வந்திருந்தது. நான் எண்ணினேன்.

அதற்குப் பிறகு பட்டறையில் கூட்டம். சவரிமுத்து அந்தக் கட்டுரையைக் கத்தரித்து மாதா படத்துக்குக் கீழே சுவரில் ஒட்டிவைத்தார். வெளியூரிலிருந்து பேண்ட் போட்ட இரண்டு பேர் பேப்பரோடு வந்து, கேள்வி கேட்டு, அளவெடுத்துப் போனார்கள். மதிப்பாக வந்தவர்கள் என்று சவரிமுத்து அவர்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, விஞ்சை முழுவதும் கழற்றிக் காட்டினார்.

ஒன்றரை வருடம் இருக்கும். ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சி வந்தார். தந்தித் தாள் கொண்டுவரவில்லை. அவருடைய பத்திரிகையையே என் முன்னால் விரித்தார். வெளியூர்க் கம்பெனி ஒன்று மீன்பிடிப் படகுகளுக்குப் புதுவகை விஞ்ச் கண்டுபிடித்திருப்பதாகச் செய்தி. பச்சைப் பெயிண்ட் அடித்த விஞ்சின் படம். கம்பெனியின் பொறியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டது என்று எழுதியிருந்தது. அதே பக்கத்தில் கீழே அந்தக் கம்பெனியின் பெரிய விளம்பரம்.

அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அன்று கேட்கவில்லை. "நம்ம பேப்பர்லயே வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் சவரிமுத்துவுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த விஞ்சுக்குக் கம்பெனி பேடண்ட் கேட்டிருக்கிறது, இனிமேல் அவர் அதைச் செய்யக் கூடாது, செய்தால் வழக்கு என்று.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி தந்தி கொண்டுவந்தார். தமிழ்ச் செய்தியானாலும் தந்தியை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்போம். பத்திரிகை ஆபீசில் அதைத் தமிழில் எழுதிக்கொள்வார்கள். அவர் அன்று ஒரே ஒரு சொல்லில் தடுக்கி நின்றார். பேடண்ட் என்பதைத் தமிழில் என்ன சொல்வது? ‘உரிமைப் பத்திரம்’ என்று எழுதிக் கோடு போட்டு அடித்தார். "ஜனங்க வீட்டுப் பத்திரம்னு நினைக்கும்." ‘கண்டுபிடித்தவர் உரிமை’ என்று எழுதினார், அதையும் அடித்தார். "இந்தா பாருங்க, இம்புட்டு வருசமா பேப்பர்ல எழுதுதேன். இதுக்கு ஒரு சொல்லு ஜனங்ககிட்ட நாங்க கொண்டுபோய்ச் சேக்கல" என்றார்.

நேரம் ஆகிக்கொண்டிருந்தது. "பேடண்ட்னே போடுங்க அண்ணாச்சி. அங்கன இருக்கவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றேன்.

அவர் என் பேச்சைக் கேட்டார். நானே அடித்தேன்.

மறுநாள் தலைப்பு இப்படி வந்தது: ‘லைசென்ஸ் இல்லாமல் விஞ்ச் தயாரிப்பு – தூத்துக்குடி பட்டறைக்கு நோட்டீஸ்.’

அங்கே இருந்த யாருக்கோ பேடண்ட் என்றால் லைசென்ஸ் என்று பட்டிருக்கிறது. ஒரு சொல்தான். ஆனால் அதைப் படித்த ஊருக்குச் சவரிமுத்து கள்ளச்சாமான் செய்கிறவராகிவிட்டார். விஞ்சுக்குச் சொல்லிவைத்திருந்த படகுக்காரர்கள் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். நகராட்சி ஆபீசிலிருந்து ஆள் வந்து பட்டறையின் லைசென்ஸைக் கேட்டார். அதெல்லாம் ஒழுங்காக இருந்தது. இருந்தும் தெருவே கூடி நின்று பார்த்தது.

அண்ணாச்சி பட்டறைக்குப் போனார். என்னால் ஆன தவறு என்று நானும் கூடப் போனேன். சவரிமுத்து லேத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருடைய மனைவி செபஸ்தியம்மாள்தான் வாசலுக்கு வந்தார்.

"எதுக்கு வந்திய அண்ணாச்சி? இன்னும் எழுத என்ன பாக்கி இருக்கு?"

"நான் எழுதுனது அப்படி இல்லம்மா. அங்கன மாத்திட்டாவ."

"மாத்துனது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? பேப்பர்ல வந்திருக்கு. பேப்பர்னா நீங்கதான். எங்க வீட்டு ஆளு பேரப் பதினோரு தடவ போட்டிய, சந்தோசப்பட்டோம். இப்ப ஒரே தடவதான் போட்டுருக்கிய. அது போதும் எங்களுக்கு."

அப்போதுதான் சவரிமுத்து லேத்தை நிறுத்தினார். "அவியள ஏன் ஏசுத ஏளா? உள்ள போ" என்றார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "இனிமே என்னப் பத்தி நல்லதும் எழுதாதியும், கெட்டதும் எழுதாதியும்" என்றார். குரலில் சண்டை இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

திரும்பும் வழியில் நான், "அந்தச் சொல்ல நான்தான் போடச் சொன்னேன்" என்றேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். "கையெழுத்துப் போட்டது நான்லா தங்கச்சி" என்றார்.

மறுநாள் சவரிமுத்துவிடம் கெஞ்சி நோட்டீஸை வாங்கிக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனார். அவர் இந்தச் சட்டம் தெரிந்த மதராஸ் நண்பருக்கு எழுதிப் பதில் வாங்கினார். அந்தப் பதிலை அண்ணாச்சி என்னிடம் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. கவுண்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஒரு பொருளப் புதுசாச் செஞ்சா, ஊருக்குச் சொல்லுறதுக்கு முந்தி சர்க்கார்ல எழுதிப் பதியணுமாம். ஊருக்குச் சொல்லிட்டா அது புதுசு இல்லையாம். பொறவு யாருக்கும் உரிமை கிடையாதாம். நான் எழுதுன அன்னைக்கே சவரிக்கு வழி அடைபட்டுப் போச்சு தங்கச்சி. படம் வேற போட்டேன்லா. நானே அடைச்சிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"இன்னும் இருக்கு. யாருக்கும் கிடையாதுன்னா அந்தக் கம்பெனிக்கும் கிடையாது. அவன் இன்னும் பேடண்ட் வாங்கல, மனுதான் போட்டிருக்கான். அதுக்குள்ள மிரட்டுதான். அவன் மனுப் போட்டதுக்கு முந்தியே இது பேப்பர்ல வந்துட்டுன்னு காட்டுனா, தள்ளிருவாவளாம். அதுக்குக் கெடு இருக்கு. தேதியோட முழுப் பேப்பரு வேணும்."

பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தது கத்தரித்த துண்டு, தேதி இல்லை. அண்ணாச்சியின் நோட்டில் ஒட்டியிருந்ததும் அப்படியே; தேதியை அவர் பேனாவால் எழுதியிருந்தார், அது சாட்சியாகாது என்றார் வக்கீல். பத்திரிகை ஆபீசுக்கு எழுதினார். பழைய பிரதி தர இயலாது என்று பதில் வந்தது. கம்பெனியின் விளம்பரம் இப்போது அதே பத்திரிகையில் வாரம் இருமுறை வந்துகொண்டிருந்தது. தூத்துக்குடி வாசகசாலையில் ஆறு மாதத்துக்கு முந்தைய பேப்பர் எல்லாம் எடைக்குப் போயிருந்தது. பலசரக்குக் கடைகளில் பொட்டலம் மடிக்க வைத்திருந்த கட்டுகளைக்கூட உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்.

கடைசியில் ஸ்ரீவைகுண்டம் வாசகசாலையைக் கேட்கலாம் என்று பஸ் ஏறினார். அந்த ஊருக்கு அவர் ஒன்பது வருடமாகப் போகவில்லை. அங்கே இருந்தவர், "பழைய பேப்பர எல்லாம் உங்க அண்ணன்லா வாங்கிட்டுப் போவாவ. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் வீட்டு வாசலில் நின்றபோது, அண்ணன் களத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாராம். வா என்று சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய், விதைநெல் மூட்டைகளை நகர்த்தி, ஒரு தகரப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தார். அதில் பேப்பர்கள் மாதவாரியாக அடுக்கியிருந்தன. எல்லா நாளும் இல்லை. சில நாட்கள் மட்டும்.

"எல்லாத்துலயும் நான் எழுதுனது இருக்கு தங்கச்சி. என் பேரு எங்கனயும் கிடையாது. பின்ன எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"‘தூத்துக்குடின்னு போட்டு, கீழ பேரு பேரா அடுக்கியிருந்தா அது நீ எழுதுனதுதான். வேற எந்தக் கோட்டிக்காரன் அப்படி எழுதுவான்’னு சொன்னான்."

இதைச் சொல்லிவிட்டு அவர் வெளியே போய்ச் சைக்கிள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

பேப்பர் கிடைத்துவிட்டது. ஆனால் அதை எழுதியவர் யார், விஞ்ச் ஓடுவதை நேரில் பார்த்தாரா என்பதற்குச் சத்தியப் பிரமாணம் வேண்டும் என்றார் வக்கீல். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். கம்பெனிக்குத் தகவல் போய், கம்பெனியிலிருந்து பத்திரிகைக்குப் போனது. ஒரு வாரத்தில் எங்கள் ஆபீஸ் டெலிபோன் கூண்டுக்கு அவருக்குப் பத்திரிகை ஆபீசிலிருந்து டிரங்க்கால் வந்தது. கதவு சரியாக மூடாது. அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"ஆமா சார்… நான் எழுதுனதுதான் சார்… நம்ம பேப்பர்ல வந்ததச் சொல்லுததுல நம்ம பேப்பருக்கு என்ன சார் குறைச்சல்… இல்ல சார். எழுதுனத எழுதலன்னு எப்படிச் சொல்ல… சரி சார். சரி… வச்சிருதேன்."

வெளியே வந்து, பையிலிருந்து எழுதாத பத்திரிகைத் தந்தித் தாள் கட்டை எடுத்துக் கவுண்ட்டரில் வைத்தார். "இது இனிமே எனக்கு வேண்டாம். வேற நிருபர் வருவாரு, அவருக்குக் குடுங்க" என்றார். இருபத்திரண்டு வருடம் எழுதியிருந்தார். நான் அழுதுவிட்டேன். அவர் சங்கடப்பட்டு, "டைப்ரைட்டிங் கிளாசுக்கு நேரமாச்சு" என்று கிளம்பினார்.

எதிர்ப்பு மனு போன நாலைந்து மாதத்தில் கம்பெனி தன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்தச் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அதனால் தலைப்பை நம்பிய ஊர் நம்பிய இடத்திலேயே இருந்தது. அண்ணாச்சி தினமும் சாயங்காலம் மீன்பிடித் துறைக்குப் போய், படகு படகாக நின்று, லைசென்ஸ் வேறு, பேடண்ட் வேறு, சவரிமுத்து எந்தத் தப்பும் செய்யவில்லை என்று விளக்கினார். சிலர் கேட்டார்கள். சிலர் வலையைத் தைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்கள். அரை நாளில் பேப்பர் செய்ததை அழிக்க அவருக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று.

பிறகு எல்லாப் பட்டறையிலும் அந்த விஞ்சைச் செய்ய ஆரம்பித்தார்கள். செய்யக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சவரிமுத்துவுக்கு அது வலித்தது. ஒருநாள் அண்ணாச்சி அவரிடம் நேராகவே, "என்னால போச்சு சவரி. நான் பேசாம இருந்திருந்தா அது உம்ம சொத்தா இருந்திருக்கும்" என்றார்.

சவரிமுத்து கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். "எனக்கு எவன் வந்து பேடண்ட் பத்திச் சொல்லியிருக்கப் போறான்? நீரு பேப்பர்ல எழுதாட்டி அந்தக் கம்பெனிக்காரன்லா சர்க்கார்ல எழுதி வாங்கியிருப்பான். நான் செஞ்சத நானே செய்ய முடியாமக் கைகட்டி நின்னிருப்பேன். விடும்வே" என்றார். செபஸ்தியம்மாள் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து அண்ணாச்சியின் பக்கத்தில் வைத்தார்.

அண்ணாச்சிக்கு மட்டும் ஆறவில்லை. எல்லாப் படகிலும் விஞ்ச் இருக்கிறது, செய்தவன் பெயர் எதிலும் இல்லை என்பார். ஒருநாள் குளச்சல் பக்கத்திலிருந்து வந்த படகு ஒன்று பழுதாகித் துறையில் நின்றது. படகுக்காரரிடம் என்ன கோளாறு என்று கேட்டிருக்கிறார்.

"சவரி வழுக்க மாட்டேங்குது" என்றாராம் அவர்.

"எது?"

"சவரி. வலை இழுக்கது."

"அதுக்கு ஏன் சவரின்னு பேரு?"

"அதுக்குப் பேரே சவரிதான். விஞ்சுல ரெண்டு வகை. பழசு விஞ்ச், இது சவரி."

அண்ணாச்சி அந்த ஆளைக் கையைப் பிடித்துப் பட்டறைக்கு அழைத்துக்கொண்டு போய், "இவருதான் சவரி" என்று காட்டினார். குளச்சல்காரர் சவரிமுத்துவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆளா?" என்று கேட்டாராம். சவரிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆளுதாம்ல. பின்ன இரும்பா?" என்றார். பிறகு அவரே அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியால் அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நிருபர் இல்லையே தவிர, பேப்பர் வாங்கிப் படிக்கிறவர்தானே. ஆசிரியருக்குக் கடிதம் என்று ஒரு வாசகராக எழுதினார். கன்னியாகுமரிக் கடற்கரைவரை மீனவர்கள் ‘சவரி’ என்று சொல்லும் கருவி ஒரு மனிதரின் பெயரால் வழங்குவது, அவர் தூத்துக்குடியில் இன்ன தெருவில் பட்டறை வைத்திருப்பவர், இதைச் செய்ததால் எத்தனையோ பேருக்குக் கை மிஞ்சியது என்று பத்து வரி. நான் படித்துப் பார்த்தேன். பேடண்ட் என்ற சொல் அதில் இல்லை.

கடிதம் வந்த அன்று காலையில், கவுண்ட்டர் திறக்கும் முன்பே நான் பேப்பரைப் பார்த்துவிட்டேன். கீழே முதல்முறையாக அவருடைய சொந்தப் பெயர் அச்சாகியிருந்தது. ஆனால் இனிஷியலை மாற்றிவிட்டார்கள். பெயரிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. இருபத்திரண்டு வருடம் ஊரார் பெயரையெல்லாம் எழுத்துப் பிசகாமல் கேட்டு எழுதியவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் வந்ததும் பேப்பரை நீட்டினேன். "உங்க பேரத் தப்பாப் போட்டுருக்காங்க அண்ணாச்சி."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கேயே நின்றது, கீழே வரவில்லை.

"சவரிமுத்து பேரு சரியாத்தான் இருக்கு" என்றார். பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டறை திறந்திருக்குமா என்று என்னிடம் மணி கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.